டெல்லி 1857: மேட்டில் இருந்த நாலாயிரம் பேரை ஏன் விரட்ட முடியவில்லை?

பாலாற்றங்கரை
மார்ச் 4, இரவு 9.12

வேலூரில் 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கிளம்பிய கலகம் அன்று பகலிலேயே அடங்கிவிட்டது. ஆற்காட்டிலிருந்து 16 மைல் குதிரையில் பறந்து வந்த கில்லெஸ்பி, பின்னாலேயே வந்த சிறு பீரங்கிகளால் கோட்டைக் கதவைப் பிளந்தார். டெல்லியில் நடந்தது வேறு. 1857 ஜூன் 8 அன்று பத்லி கீ சராயில் ஜெயித்து வந்து நகருக்கு வடமேற்கே இருந்த மேட்டில் உட்கார்ந்த கம்பெனிப் படை, செப்டம்பர் 14 வரை நகருக்குள் கால் வைக்க முடியவில்லை.

இதில் எனக்கு விளங்காதது கம்பெனியின் தாமதம் இல்லை. மேட்டில் இருந்தவர்கள் தொடக்கத்தில் நாலாயிரத்துக்குள்தான். நகருக்குள் வாரம் ஒரு ரெஜிமெண்ட் என்று சிப்பாய்கள் வந்து சேர்ந்தபடி இருந்தார்கள், கம்பெனியின் ஆயுதக் கிடங்கே உள்ளேதான் இருந்தது. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே நாளில் ஏறியிருந்தால் மேடு நின்றிருக்குமா? வீரம் போதவில்லை என்று சொல்பவர்களை நான் நம்பவில்லை.

கொத்தளம்
மார்ச் 4, இரவு 11.40

வீரம் போதவில்லை என்று களத்தில் எதிரே நின்றவர்களே எழுதவில்லை. அதை விட்டுவிடலாம்.

முதலில் ஒரு விஷயம். இதை முற்றுகை என்று சொன்னாலும் நகரை யாரும் சுற்றி வளைக்கவில்லை. மதிலின் சுற்றளவு சுமார் 7 மைல். மேட்டில் இருந்த படை பார்த்தது வடக்கு, வடமேற்கு முகத்தை மட்டும்: காஷ்மீர் வாசல், மோரி வாசல், காபூல் வாசல். அஜ்மேரி வாசல், துர்க்மான் வாசல், டெல்லி வாசல் எல்லாம் கடைசி வரை திறந்தே கிடந்தன. கிழக்கே யமுனை மீது படகுப் பாலம். நகருக்குத் துணையாக வந்த பரேலிப் படை ஜூலை தொடக்கத்தில் அந்தப் பாலத்தின் மேல் வாத்தியம் முழங்க நடந்து வந்ததை மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்க முடிந்தது.

வேலூரோடு ஒப்பிடுவதற்கும் ஒரு தடை உண்டு. குதிரை இழுக்கும் சிறு பீரங்கி மரக்கதவை உடைக்கும், மதிலை உடைக்காது. டெல்லி மதில் 24 அடி உயரம், முன்னால் சுமார் 25 அடி அகல அகழி, அதற்கு வெளியே மதிலின் கீழ்ப்பகுதியை மறைக்கும் மண்சரிவு. கொத்தளங்களைக் கம்பெனியின் பொறியாளர்களே முன்பு திருத்திக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பீரங்கி அளவுக்கு நிறுத்த இடம். இதை உடைக்க 24 பவுண்டர், 18 பவுண்டர் (அந்த எடைக் குண்டைச் சுடும் பெரும் பீரங்கிகள்) வேண்டும். 24 பவுண்டர் என்றால் குழல் மட்டுமே இரண்டரை டன். அது பஞ்சாபிலிருந்து மாட்டு வண்டி வேகத்தில் வந்து சேர்ந்தது செப்டம்பர் 4 அன்று. மேட்டுப் படையின் தளபதி வில்சன் காத்திருந்ததன் காரணம் இதுதான்.

ஆவணப்பித்தன்
மார்ச் 5, காலை 6.55

கேள்வி உள்ளே இருந்தவர்களைப் பற்றியது. அதற்கு வருகிறேன்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் கலகத்தாள்கள் என்று ஒரு தொகுதி இருக்கிறது. நகரம் விழுந்தபோது அரண்மனையிலும் கொத்வாலியிலும் (நகரக் காவல் தலைவரான கொத்வாலின் அலுவலகம்) கைப்பற்றிய காகிதங்கள். உருதுவும் பாரசீகமும் கலந்த ஆயிரக்கணக்கான தாள்கள். போர் வர்ணனை அதில் கொஞ்சம்தான். பெரும்பகுதி கொத்வாலுக்குப் போன உத்தரவுகள்: மோர்ச்சாவுக்கு (காவல் அரணுக்கு) கூலியாள் அனுப்பு, மண்வெட்டி அனுப்பு, கூடை அனுப்பு, தண்ணீர் சுமக்கும் பிஸ்தி அனுப்பு, வண்டி பிடி, கட்டில் அனுப்பு, சிப்பாய்க்குப் பூரி அனுப்பு. கொத்வால் பதில் எழுதுகிறார்: கூலி கொடுக்காததால் ஆள் ஓடிவிட்டான், கடைக்காரன் பழைய பாக்கி கேட்கிறான். மறுநாள் அதே உத்தரவு மறுபடி வரும், இந்த முறை வேறொருவர் முத்திரையோடு.

அந்த 'வேறொருவர்' என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பாதுஷா பகதூர் ஷாவின் மகன் மிர்சா முகல் ஒரு பக்கம் உத்தரவு போட்டார். ஜூலை தொடக்கத்தில் பரேலிப் படையோடு பக்த் கான் வந்ததும் பாதுஷா அவருக்கும் தலைமை கொடுத்தார். இளவரசர்கள் மிர்சா கிஸ்ர் சுல்தான், மிர்சா அபு பக்ர் தனித்தனியாகப் பணம் வசூலித்தார்கள். இதைச் சரிசெய்யத்தான் பத்துப் பேர் கொண்ட நிர்வாக மன்றம் அமைந்தது: காலாள், குதிரை, பீரங்கி ஒவ்வொன்றிலும் இரண்டு பேர், மீதி நான்கு பேர் சிவில் ஆட்கள். அமைப்பு விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். பெரும்பான்மை வாக்கு, ரகசியக் காப்பு, பதவிப் பிரமாணம் எல்லாம் இருக்கிறது. தன் உத்தரவை மீறும் ரெஜிமெண்டின் சம்பளத்தை நிறுத்தும் வலிமை மட்டும் அதற்கு இல்லை. கொடுக்கவே சம்பளம் இல்லாதபோது எதை நிறுத்துவது?

கொத்தளம்
மார்ச் 5, மதியம் 1.20

இதைக் களத்தோடு பொருத்திப் பாருங்கள். புதிதாக ஒரு படை நகருக்கு வரும். வந்த ஓரிரு நாளில் அதைத் தாக்குதலுக்கு அனுப்புவார்கள். முன்பே வந்தவர்கள் அன்று ஓய்வு. அந்தப் படை பெரும்பாலும் லாகூர் வாசல், காபூல் வாசல் வழியாக வெளியே வந்து, கிஷன்கஞ்ச், சப்ஜி மண்டி தோட்டங்களுக்குள் புகுந்து, மேட்டின் வலக்கோடியில் ஹிந்து ராவ் வீட்டை நோக்கி ஏறும். தோட்டச் சுவர்கள் நல்ல மறைப்பு என்பதால் அந்த வழி. ஆனால் அதே சுவர்கள் அணியைத் துண்டு துண்டாக்கிவிடும். மேலே ஏறும்போது ஐம்பது பேர் இங்கே, நூறு பேர் அங்கே. பொழுது சாய்ந்ததும் நகருக்குத் திரும்பிவிடுவார்கள், ஏனென்றால் சோறும் தண்ணீரும் நகரில்தான். பிடித்த இடத்தில் ராத்தங்கி மண் அணை போட ஆள் வேண்டும், கூடை வேண்டும். அவை வராத கதையை ஆவணப்பித்தன் மேலே சொல்லிவிட்டார்.

ஹிந்து ராவ் வீட்டைக் காத்த சிர்மூர் கூர்க்கா பட்டாளத்தில் 490 பேர். முற்றுகை முடிவதற்குள் 327 பேர் செத்தோ காயம்பட்டோ போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவு நெருக்கினார்கள். பிளாசிப் போரின் நூறாம் ஆண்டு நாளான ஜூன் 23 அன்று நாள் முழுக்க அடி. அன்று மேட்டின் இடக்கோடியிலும் பின்புறத்திலும் ஆயிரம் பேர் சேர்ந்து வந்திருந்தால், வலப்பக்கத்துக்குத் துணை அனுப்ப ஆளே இருந்திருக்காது.

குதிரைலாடம்
மார்ச் 5, மாலை 7.03

பின்புறமே வரவில்லை என்று சொல்ல முடியாது, கொத்தளம். ஜூன் 19 நசீராபாத் படையை விட்டுவிட்டீர்கள். அவர்கள் சுற்றிக்கொண்டு போய் முகாமின் முதுகில் பீரங்கியோடு இறங்கினார்கள். அன்று சூரியன் மறைந்த பிறகும் யார் கை ஓங்கியது என்று தெரியாத நிலை. ஹோப் கிராண்டின் குதிரைப்படை திணறிப்போனது. மறுநாள் காலை நசீராபாத் படை அங்கே இல்லை. இரவு தங்க ஏற்பாடு இல்லாததால் திரும்பிவிட்டார்கள். ஜூலை 3 இரவு பக்த் கான் அலிப்பூர் வரை போனார், கம்பெனியின் சாலைக் காவலிடத்தைத் தாக்கினார், அவரும் திரும்பினார்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிப் பொறியாளர்கள் நஜஃப்கர் வாய்க்கால் மேல் இருந்த பாலங்களை உடைத்தார்கள். முகாமுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் அது. அந்த வருஷம் ஏரி நிறைய நீர் இருந்ததால் வாய்க்கால் வற்றவில்லை. முகாமுக்குக் குடிநீர், முதுகுக்கு அகழி, இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன. ஜூலைக்குப் பிறகு பின்புறம் போக வேண்டுமென்றால் பல மைல் சுற்ற வேண்டும்.

பாலாற்றங்கரை
மார்ச் 5, இரவு 10.30

அப்படியானால் பல மைல் சுற்றியாவது கர்னால் சாலையை அறுத்திருக்கலாமே? மேட்டுக்கு வந்த அரிசி, ரம், குண்டு, ஆள் எல்லாம் அந்த ஒரே சாலையில்தானே?

குதிரைலாடம்
மார்ச் 6, காலை 8.15

ஒரே சாலைதான். ஆனால் அதன் இரு பக்கமும் பாட்டியாலா, ஜிந்த், நாபா. மூன்று சமஸ்தானமும் கம்பெனி பக்கம் நின்றன. அம்பாலாவிலிருந்து டெல்லி வரை வண்டிகளுக்குக் காவல், தந்திக் கம்பிக்குக் காவல், மாடு, தீவனம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த மூன்று அரசர்களில் ஒருவர் மறுபக்கம் போயிருந்தால் முற்றுகையே இல்லை.

அறுக்க முயன்றதும் நடந்தது. ஆகஸ்ட் கடைசியில் பெரும் பீரங்கித் தொகுதி வருகிற செய்தி தெரிந்ததும் பக்த் கான் தலைமையில் பரேலிப் படையும் நீமச் படையும் கிளம்பின. ஆறாயிரம் பேர் இருக்கலாம். சரியான திட்டம். மழையில் சதுப்பாகிக் கிடந்த வழியில் ஆகஸ்ட் 25 அன்று கம்பெனித் தளபதி நிக்கல்சன் 2,500 பேரோடு விடியலில் கிளம்பி, பீரங்கிச் சக்கரம் சேற்றில் புதையப் புதைய நாள் முழுக்க நடந்து, பொழுது சாயும் நேரம் நஜஃப்கரில் நீமச் படையைப் பிடித்தார். 13 பீரங்கிகள் பறிபோயின. பக்த் கானின் பரேலிப் படை சில மைல் தள்ளி பாலம் என்ற கிராமத்தின் அருகே நின்றது, உதவிக்கு வரவில்லை. இரண்டு படைக்கும் இடையில் முன்பே மனக்கசப்பு. முற்றுகையின் முடிவு அந்த மாலையில் தீர்மானமானது என்பது என் கருத்து. காஷ்மீர் வாசல் அதற்குப் பிறகு வந்த வேலை.

ஆவணப்பித்தன்
மார்ச் 6, மதியம் 12.48

கிடங்கு பற்றி ஒரு திருத்தம், பாலாற்றங்கரைக்கு. சிப்பாய்கள் நகருக்குள் நுழைந்த மே 11 அன்று கிடங்குப் பொறுப்பில் இருந்த வில்லோபியும் கூட இருந்த எட்டுப் பேரும் கிடங்கைக் கொளுத்தினார்கள் என்பது உண்மை. அதனால் முழுதும் அழிந்தது என்பதும் தவறு, முழுதும் கிடைத்தது என்பதும் தவறு. பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் பெரும்பாலும் தப்பின. பெருமளவு வெடிமருந்து சில வருஷம் முன்பே நகருக்கு வெளியே மாற்றப்பட்டிருந்தது. அதுவும் சிப்பாய்கள் கைக்குப் போனது.

ஆகவே ஜூன், ஜூலையில் மருந்து தாராளம். மதிலிலிருந்து இரவு பகலாகச் சுட்டார்கள். பிரச்சினை, செலவான மருந்தை மறுபடி செய்வதில். வெடியுப்பு சுற்றுக் கிராமங்களில் கிடைக்கும், கரி சுடலாம், கந்தகம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். நகரத்து வாணவேடிக்கைக்காரர்களைக் கொண்டு பேகம் சம்ருவின் ஹவேலியில் மருந்து அரைத்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று அந்தக் கூடம் வெடித்தது. வேலை செய்த பலநூறு பேர் ஒரே நேரத்தில் மாண்டார்கள், நகரில் மருந்து செய்யத் தெரிந்த கைகள் அவை. சிப்பாய்கள் பாதுஷாவின் மருத்துவர் ஹக்கீம் அஹ்ஸனுல்லா கான் மேல் சந்தேகப்பட்டு அவர் வீட்டைச் சூறையாடினார்கள். ஈரப்பதம் பார்க்காமல், இரும்புக் கருவி உரசாமல் பார்த்துக்கொள்ளாமல், குடியிருப்பு நடுவே அவசரமாக அரைத்தால் சதி இல்லாமலும் வெடிக்கும்.

கொத்தளம்
மார்ச் 6, இரவு 9.05

எதிர்ப்பக்கத்தின் கஷ்டம் நேர்மாறு. மேட்டில் மருந்து இருந்தது, 24 பவுண்டு குண்டு இல்லை. நகரிலிருந்து சுட்ட குண்டு முகாமில் வந்து விழுந்தால் பொறுக்கிக் கொண்டு வருபவருக்கு எட்டணா. அதே குண்டைத் துடைத்து, அதே அளவுக் குழலில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் கம்பெனி வார்த்த குண்டு, கம்பெனி வார்த்த குழல், அளவு அச்சாகப் பொருந்தும். பீரங்கி வேலையைச் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் கம்பெனிதான். குறி பார்ப்பதில் அவர்கள் மேட்டுக்காரர்களுக்குச் சற்றும் குறைந்தவர்கள் இல்லை.

கிடங்குக்கு ஒரு கணக்கு: செப்டம்பர் 16 அன்று கம்பெனி அதை மீட்டபோது உள்ளே 171 பீரங்கிகள் இருந்தன. பீரங்கித் தட்டுப்பாட்டால் டெல்லி விழவில்லை.

பாலாற்றங்கரை
மார்ச் 7, காலை 7.30

மதிலை உடைத்த ஒரு வாரத்தை விரிவாக எழுதுங்கள். 'பீரங்கி வைத்தார்கள், உடைத்தார்கள்' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள் எல்லோரும்.

கொத்தளம்
மார்ச் 8, இரவு 12.25

எழுதுகிறேன், நீளமாகப் போகும்.

தயாரிப்பு. தலைமைப் பொறியாளர் பெயர்ட் ஸ்மித், களவேலை பார்த்தது அலெக்ஸ் டெய்லர். பீரங்கி வருவதற்கு முன்பே சுள்ளிக்கட்டு 10,000, மண் நிரப்பும் பிரம்புக்கூடை 10,000, மணல் மூட்டை ஒரு லட்சம் சேர்த்து வைத்தார்கள். மேட்டில் பாறைதான், தோண்டினால் மண் வராது. அதனால்தான் இவ்வளவு மூட்டை. இரவில் ஒட்டகங்களில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, விடிவதற்குள் அணை எழுப்பி, மரத்தளம் பரப்பி, அதன் மேல் பீரங்கியை ஏற்ற வேண்டும். விடிந்த பிறகு அரைகுறையாக நின்றால் மோரிக் கொத்தளம் அதைத் தூள் ஆக்கிவிடும்.

முதல் பேட்டரி (பீரங்கி நிறுத்தும் அரண்), செப்டம்பர் 7 இரவு. மோரிக் கொத்தளத்திலிருந்து 700 கெஜம். விடிந்தபோது ஒரே ஒரு பீரங்கிதான் தயார். மோரியிலிருந்து திராட்சைக் குண்டு கொட்டுகிறது, அதற்குள் மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். மதியத்துக்குள் மோரி அடங்கியது. வலப்பாதி மோரியை அடிக்க, இடப்பாதியில் இருந்த நான்கு 24 பவுண்டர்கள் காஷ்மீர்க் கொத்தளத்தை அடிக்க. இடப்பாதியில் இரண்டொரு நாளில் ஒரு விபத்து. பீரங்கி வாய் நீட்டும் துளையோரம் அடுக்கியிருந்த சுள்ளி வெயிலில் காய்ந்து, சுடும்போது வந்த வாய்த்தீ பட்டுப் பற்றிக்கொண்டது. குண்டு மழைக்கு நடுவே அணை மேல் ஏறி மணலைக் கொட்டி அணைத்தார்கள். இடப்பாதி அதோடு பெரும்பாலும் முடிந்தது. வாயோரம் பச்சைத்தோல் போர்த்தினாலோ மணல் மூட்டை மட்டும் அடுக்கினாலோ இது நடக்காது, அவசரத்தில் விட்டுவிட்டார்கள்.

இந்த முதல் பேட்டரியின் பெரிய பயன் மதிலை அடித்தது இல்லை. மூன்று மாதமாக வலப்பக்கத்தில்தான் சண்டை நடந்தது. இப்போது முதல் பேட்டரியும் வலப்பக்கம். இறுதி அடியும் மோரி, காபூல் வாசல் பக்கம்தான் என்று நகரில் முடிவு கட்டினார்கள். அந்த நேரத்தில் இடப்பக்கத்தில் லட்லோ காசில் மாளிகையையும் குத்சியா பாக் தோட்டத்தையும் கம்பெனி எதிர்ப்பே இல்லாமல் எடுத்துக்கொண்டது. நதி இடப்பக்கத்தைக் காக்கும், தோட்டத்து மரங்கள் மறைக்கும், மதில் 500 கெஜத்துக்குள். முற்றுகைக்கு இதைவிட நல்ல இடம் டெல்லியில் இல்லை. நகரத்துக்காரர்கள் இரண்டு சிறு காவல் அணியை அங்கே நிறுத்தியிருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

இரண்டாம் பேட்டரி லட்லோ காசில் முன்னால்: ஒன்பது 24 பவுண்டர், இரண்டு 18 பவுண்டர், ஏழு 8 அங்குல ஹவிட்சர். செப்டம்பர் 11 காலை எட்டு மணிக்கு ஒன்பது 24 பவுண்டரும் ஒரே நேரத்தில் சுட்டன. மதிலின் அடி மண்சரிவால் மறைந்திருந்ததால் கீழே அறுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் மேல்பகுதியை அடித்து, இடிபாடு அகழிக்குள் சரிந்து ஏறுபடி ஆகும்படி செய்தார்கள். காரைக்கட்டு சில மணி நேரத்தில் பெயரத் தொடங்கியது. ஹவிட்சர் குண்டு உள்ளே புகுந்து வெடித்துப் பெயர்ந்ததை உலுக்கும்.

மூன்றாம் பேட்டரிதான் துணிச்சல். சுங்க மாளிகை இடிபாட்டுக்குப் பின்னால், நீர்க் கொத்தளத்திலிருந்து 200 கெஜத்துக்கும் குறைவு. துப்பாக்கி எட்டும் தூரம். கட்டிய கூலியாட்கள் ஆயுதம் இல்லாதவர்கள். ஒருவர் விழுந்தால் உடலை மணல் மூட்டைகளோடு சேர்த்து வைத்துவிட்டு மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் பதிவாகவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. குத்சியா பாக்கில் நான்காவதாகப் பத்து மார்ட்டர்கள்.

குதிரைலாடம்
மார்ச் 8, காலை 9.50

நகரத்துப் பதிலடியையும் சேர்க்க வேண்டும். கொத்தளத்துப் பீரங்கி அடங்கியதும் அவர்கள் ஓயவில்லை. மதிலுக்கு முன்னால் சுமார் 350 கெஜத்தில் ஒரே இரவில் நீள அகழ்வரி வெட்டி, அதில் துப்பாக்கிக்காரர்களை வைத்தார்கள். கிஷன்கஞ்ச் மேட்டில் பீரங்கி வைத்து முதல் இரண்டு பேட்டரிகளையும் பக்கவாட்டில் அடித்தார்கள். நதிக்கு அக்கரையிலிருந்தும் சுட்டார்கள். 7ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதி வரை அகழ்வரிகளில் மட்டும் கம்பெனிக்கு 300 பேருக்கு மேல் சேதம். மதிலின் இடிபாட்டை 13 இரவே மணல் மூட்டையால் அடைக்கவும் செய்தார்கள், அதுதான் 14 காலைத் தாமதத்துக்குக் காரணம்.

கொத்தளம்
மார்ச் 8, மாலை 6.40

ஆமாம், அந்தத் தாமதம் முக்கியம். 13 இரவு பொறியாளர்கள் மெட்லியும் லாங்கும் காஷ்மீர்க் கொத்தளத்து இடிபாட்டை அகழிக்குள் இறங்கியே பார்த்து வந்தார்கள். நீர்க் கொத்தளத்தை கிரேட்ஹெட்டும் ஹோமும் பார்த்தார்கள். ஏறலாம் என்று அறிக்கை. திட்டம் விடியலுக்கு முன் இருட்டில். ஆனால் காவலில் இருந்தவர்கள் தங்கள் அணிக்குத் திரும்ப நேரமானது, அடைத்த மூட்டைகளை மறுபடி பீரங்கியால் கலைக்க வேண்டியிருந்தது. பொழுது நன்றாக விடிந்துவிட்டது.

ஆகவே காஷ்மீர் வாசல் கதவை வெடி வைத்துத் தகர்த்தது பட்டப்பகலில், சில அடி தூரத்தில் துப்பாக்கி முனைக்கு எதிரில். அகழிப் பாலத்தின் பலகைகள் பெயர்க்கப்பட்டு உத்தரம் மட்டும் கிடந்தது. மூட்டை ஒவ்வொன்றும் 25 பவுண்டு மருந்து. முதல் குழு ஹோம் தலைமையில் மூட்டைகளைக் கதவடியில் போட்டுவிட்டு அகழிக்குள் குதித்தது. இரண்டாம் குழு சால்கெல்டுடையது, மீதி மூட்டையும் திரியும் அவர்களிடம். திட்டிவாசல் திறந்தே இருந்ததால் உள்ளிருந்து நேராகச் சுட்டார்கள். கார்மைக்கேல் விழுந்தார். சால்கெல்டுக்குக் கையிலும் காலிலும் குண்டு, திரியை பர்ஜெஸிடம் நீட்டினார். பர்ஜெஸும் விழுந்தார். வெடித்தபோது கதவின் வலப்பக்கம் மட்டும் பெயர்ந்தது. ஊதுகுழல்காரர் ஹாதார்ன் மூன்று முறை ஊதியும் சத்தத்தில் அணிக்குக் கேட்கவில்லை. வெடிச்சத்தத்தைக் கேட்டே அணி ஓடி வந்தது.

மூட்டை சுமந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சப்பர்கள் (பொறியாளர் படைச் சிப்பாய்கள்). சுபேதார் துலா ராம், ஜமேதார் பிஸ் ராம், ஹவில்தார் மாதோ, ஹவில்தார் திலோக் சிங், சிப்பாய் ராம் ஹேத். வாசலில் இன்றும் இருக்கும் கல்வெட்டில் இந்தப் பெயர்கள் உண்டு. விக்டோரியா கிராஸ் ஹோம், சால்கெல்ட், அதே குழுவின் சார்ஜெண்ட் ஸ்மித், ஹாதார்ன் நால்வருக்கு. அப்போது இந்தியர்களுக்கு அந்த விருது கிடையாது.

ஆவணப்பித்தன்
மார்ச் 9, காலை 10.10

ஒரு கிளைச் செய்தி, சென்னைக்காரர்களுக்காக. இதே 1857இல் காசி, அலகாபாத், கான்பூரில் கொடுமை செய்த நீல், மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் தளபதி. டெல்லிக்கு அவர் வரவில்லை, செப்டம்பர் 25 அன்று லக்னோவில் செத்தார். மவுண்ட் ரோட்டில் அவருக்கு வைத்த சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது, பலர் சிறை போனார்கள். 1937இல் ராஜாஜி ஆட்சியில்தான் சிலை மியூசியத்துக்குப் போனது. வட நாட்டுச் சங்கதி என்று நம் ஊர் இதை ஒதுக்கவில்லை.

பாலாற்றங்கரை
மார்ச் 9, இரவு 8.45

நல்ல செய்தி. ஒரு கடைசிக் கேள்வி. 14ஆம் தேதி மதிலைத் தாண்டியவர்கள் நகரை முழுதாகப் பிடிக்க 20ஆம் தேதி ஆகிவிட்டது. அந்த ஆறு நாளில் திருப்பி அடிக்க வாய்ப்பு இருந்ததா?

குதிரைலாடம்
மார்ச் 10, காலை 7.20

இருந்தது. முற்றுகை முழுவதிலும் மிகப் பெரிய வாய்ப்பு அதுதான்.

14 அன்று கம்பெனிக்கு 66 அதிகாரிகள், 1,100 பேருக்கு மேல் சேதம். ஏறியவர்கள் 5,000 அளவில், அதாவது நாலில் ஒரு பங்குக்கு அருகில். நான்காம் தாக்குதல் அணி கிஷன்கஞ்சில் தோற்றே போனது. அதற்கு மூன்று பீரங்கி கொடுத்தார்கள், ஒன்றை இயக்க மட்டுமே ஆள் கொடுத்தார்கள். தளபதி ரீட் தலையில் அடிபட்டு விழ, அடுத்து யார் தலைமை என்ற குழப்பத்தில் பின்வாங்கினார்கள். உள்ளே லாகூர் வாசலை நோக்கிப் போன நிக்கல்சன், மதிலுக்கும் வீடுகளுக்கும் நடுவே போகும் சந்தில் மாட்டினார். 200 கெஜ நீளம், சில இடத்தில் மூன்றடி அகலம், எதிரே இரண்டு பீரங்கி, மேலே மொட்டைமாடிகளில் துப்பாக்கி. இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பினார்கள், மூன்றாவதாக முன்னால் போன நிக்கல்சன் சுடப்பட்டு 23ஆம் தேதி இறந்தார். காஷ்மீர் வாசல் பக்கத்துக் கடைகளில் இருந்த சாராயப் புட்டிகளை உடைத்துக் குடித்த குடியில் படையில் பலர் நிதானம் இழந்தார்கள். புட்டிகளை உடைத்துக் கொட்ட வில்சன் உத்தரவு போட்டார். மேட்டுக்கே திரும்பிவிடலாமா என்று அவர் யோசித்த நேரம் அது.

கொத்தளம்
மார்ச் 10, இரவு 11.15

16 அன்று ஜனங்களும் சிப்பாய்களும் திரண்டு பாதுஷாவையே முன்னால் நடத்திப் போகச் சொன்னார்கள். எண்பதைத் தாண்டிய மனிதர் பல்லக்கில் வெளியே வந்தார், பாதி வழியில் திரும்பிவிட்டார். கூட்டம் கலைந்தது. உள்ளே ஒரே கட்டளை போட ஆள் இல்லாத குறை கடைசி வாரத்திலும் தீரவில்லை.

அதே நாட்களில் டெய்லர் முறையை மாற்றினார். தெருவில் போவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வீடு பக்கச்சுவரைக் கடப்பாரையால் துளைத்து உள்வழியே நகர்ந்தார்கள். மாடியைப் பிடித்து மணல் மூட்டை வைத்து, அங்கிருந்து அடுத்த வீட்டைச் சுட்டு, பிறகு அடுத்த சுவர். ஒரு நாளைக்குச் சில வீடுகள்தான். ஆனால் சேதம் மிகக் குறைவு. நிக்கல்சன் சுடப்பட்ட சந்தின் முடிவில் இருந்த பர்ன் கொத்தளத்தை 19 மாலை இப்படித்தான் பின்பக்கமாகப் போய் எடுத்தார்கள். 20 காலை லாகூர் வாசல், அன்றே அரண்மனை. பக்த் கான் தன் படையோடு முன்பே வெளியேறியிருந்தார், பாதுஷாவையும் கூட வரச் சொன்னார். அவர் ஹுமாயூன் கல்லறைக்குப் போய் 21 அன்று கம்பெனி அதிகாரி ஹாட்சனிடம் சரணடைந்தார். மறுநாள் மிர்சா முகல், கிஸ்ர் சுல்தான், அபு பக்ர் என்ற மூன்று இளவரசர்களையும் விசாரணை இல்லாமல் ஹாட்சன் சுட்டுக் கொன்றார்.

ஆவணப்பித்தன்
மார்ச் 11, காலை 6.40

பாலாற்றங்கரை, நேரில் பார்க்கப் போனால்: காஷ்மீர் வாசல் இரட்டை வளைவோடு நிற்கிறது, குண்டு பட்ட தழும்பு இன்னும் தெரியும். அங்கிருந்து வடக்கே குத்சியா பாக் நடக்கிற தூரம். மேட்டில் ஹிந்து ராவ் வீடு இன்று ஆஸ்பத்திரி. 1863இல் கட்டிய நினைவுக் கோபுரத்துக்கு 1972இல் அஜீத்கட் என்று பெயர் மாற்றி, அதில் 'எதிரி' என்று சொல்லப்பட்டவர்கள் விடுதலைக்காகப் போராடியவர்கள் என்று தனிப் பலகை வைத்தார்கள். கொடிக்கம்பக் கோபுரத்திலிருந்து தெற்கே முகட்டோடு நடந்தால், மேட்டுப் படையின் தற்காப்பு வரிசை முழுவதையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். குரங்குத் தொல்லை உண்டு, கையில் சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம்.